வெர்ஷனிங்கும் ரெப்ளிகேஷனும் இருந்தால் பேக்கப் வேண்டாமா?

கேள்வி – 3 மார்ச் 2025, காலை 11:20

எங்கள் கம்பெனியின் இன்வாய்ஸ், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாம் அமேசானின் ஃபைல் சேமிப்புச் சேவையான எஸ்3-ல், மும்பை ரீஜனில் (அங்குள்ள டேட்டா சென்டர்களில்) இருக்கின்றன. ஃபைல்கள் இருக்கும் பக்கெட்டில் வெர்ஷனிங் போட்டாச்சு, பழைய பதிப்புகளும் தங்கும். ஹைதராபாத் ரீஜனுக்கு ரெப்ளிகேஷனும் (தானாகப் பிரதி எடுப்பது) ஓடுகிறது. பதினொரு ஒன்பது டியூரபிலிட்டி, அதாவது ஃபைல் தொலையாது என்ற உறுதி 99.999999999 சதவீதம் என்று அமேசானே சொல்கிறது. இதற்கு மேல் தனியாக பேக்கப் என்று மாதாமாதம் ஏன் பணம் கட்ட வேண்டும்? நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

3 மார்ச், மாலை 6:05

நிறுத்த வேண்டாம். காரணம் கொஞ்சம் நீளம், ராத்திரி எழுதுகிறேன்.

இப்போதைக்கு ஒன்று மட்டும். அந்த 99.999999999 சதவீதம் டிஸ்க் கெடுவது, ரேக் போவது போன்றவற்றுக்கான கணக்கு. உங்கள் ஆள், உங்கள் அக்கவுண்ட் சாவியை வைத்து, உங்கள் ஃபைலை அழித்தால் அமேசானைப் பொறுத்தவரை அது வெற்றிகரமாக முடிந்த வேலை. எந்த ஒன்பதும் குறையாது.

3 மார்ச், இரவு 10:40

முதலில் ரெப்ளிகேஷன். கண்ணாடி முன் நின்று மீசையை மழித்தால் கண்ணாடியில் இருப்பவருக்கும் மீசை போய்விடும். அவ்வளவுதான் விஷயம். மும்பையில் ஒரு நல்ல பிடிஎஃப் மேல் பூஜ்ய பைட் ஃபைலை யாரோ எழுதிவிட்டால், சற்று நேரத்தில் ஹைதராபாத்திலும் அதே பூஜ்ய பைட்தான். ரெப்ளிகேஷன் டைம் கண்ட்ரோல் என்று கூடுதல் காசு கட்டியிருந்தால் 15 நிமிடத்துக்குள், எழுத்துமூல உத்தரவாதத்தோடு (எஸ்எல்ஏ), அந்தக் குப்பை வந்து சேரும்.

காப்பாற்றுவது வெர்ஷனிங்தான். மேலே புதிதாக எழுதினாலும், அழித்தாலும் பழையது அடியில் கிடக்கும். எஸ்3 வந்தது 2006 மார்ச்சில், வெர்ஷனிங் 2010-ல், வேறு ரீஜனுக்கு ரெப்ளிகேஷன் 2015-ல். இரண்டு பக்கமும் வெர்ஷனிங் இல்லாமல் ரெப்ளிகேஷனைப் போடவே விடமாட்டார்கள். அதனால் இரண்டும் ஒரே சரக்கு மாதிரித் தெரிகிறது. ஒன்று ரீஜன் விழுந்தால் உதவும், இன்னொன்று கை தவறினால் உதவும். உங்கள் அக்கவுண்டே அடுத்தவன் கையில் போனால் இரண்டுமே உதவாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

4 மார்ச், காலை 8:15

"அழித்தால் ஃபைல் போகவில்லை என்றால் எங்கே போகிறது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

எங்கேயும் போவதில்லை. வெர்ஷன் ஐடி (ஒவ்வொரு வெர்ஷனுக்கும் எஸ்3 தரும் அடையாளம்) சொல்லாமல் அழித்தால், ஃபைலின் மேல் டெலீட் மார்க்கர் என்று ஒன்று உட்காரும். அதற்கு உள்ளடக்கம் கிடையாது, வெறும் அடையாளம். பிறகு அந்த ஃபைலைக் கேட்டால் எஸ்3 404, அதாவது அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும். அந்த மார்க்கரை, அதன் வெர்ஷன் ஐடியைக் கொடுத்து அழித்தால் ஃபைல் திரும்ப எழுந்து வரும். அழித்ததை அழிப்பது. முதலில் தலை சுற்றும், இரண்டு தடவை செய்தால் பழகிவிடும்.

4 மார்ச், இரவு 11:10

ஒரு வாடிக்கையாளர் இடத்தில் பார்த்தது. பெயர் வேண்டாம்.

ஸ்கேன் ஃபைல்கள் ஒரு என்எஃப்எஸ் மவுண்ட்டில் (நெட்வொர்க் வழியாக சர்வரில் இணைக்கும் டிஸ்கில்) இருந்தன. ராத்திரி கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) ஒன்று அந்த டைரக்டரியை எஸ்3-க்கு சிங்க் செய்யும், கூடவே டெலீட் ஆப்ஷனும் உண்டு. அதாவது இங்கே இல்லாதது அங்கேயும் இருக்கக் கூடாது. ஒரு நாள் சர்வரை ரீபூட் செய்தார்கள். மவுண்ட் ஏறவில்லை. ஆனால் மவுண்ட் பாயிண்ட் டைரக்டரி இருக்கிறதே, காலியாக. கிரான் வந்து பார்த்தது. இங்கே ஒன்றும் இல்லை, சரி, அங்கேயும் ஒன்றும் வேண்டாம் என்று நேர்மையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனது. ரெப்ளிகேஷன் ரூலில் டெலீட் மார்க்கரையும் அனுப்பு என்று டிக் செய்திருந்தார்கள். காலையில் கன்சோலைத் திறந்தால் மும்பையும் காலி, ஹைதராபாத்தும் காலி. அறையில் யாரும் பேசவில்லை.

அந்தத் திரையின் மேலே "வெர்ஷன்களைக் காட்டு" என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதைத் தள்ளியதும் பட்டியல் கொட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வரி. மேல் வரியில் டெலீட் மார்க்கர். கீழ் வரியில் அதே பிடிஎஃப், பழைய தேதி, பழைய அளவு.

பிறகு ஸ்கிரிப்ட். இங்கேதான் கவனம் வேண்டும். எல்லா மார்க்கரையும் அள்ளி அழித்தால் போச்சு. பல மாதங்களாக வேண்டுமென்றே அழித்த ஃபைல்களும் உயிரோடு வந்து நிற்கும். எது இப்போது மேலே இருக்கும் மார்க்கரோ, எது அன்று ராத்திரி கிரான் ஓடிய நேரத்துக்குப் பிறகு வந்ததோ, அதை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு கட்டளையில் 1000 வரை அழிக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குள் மும்பை பழையபடி ஆகிவிட்டது.

ஹைதராபாத் ஆகவில்லை!

5 மார்ச், காலை 7:50

ராத்திரி தூக்கத்தில் அங்கேயே நிறுத்திவிட்டேன், மன்னிக்கவும். "ஏன் ஆகவில்லை" என்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள்.

வெர்ஷன் ஐடியைச் சொல்லி அழிக்கும் எதுவும் ரெப்ளிகேட் ஆகாது. நிரந்தரமாக அழிக்கும் வேலை மறுபக்கம் பரவக் கூடாது என்று அமேசான் வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு அது, நல்லதுதான். ஆனால் மார்க்கரை எடுப்பதும் வெர்ஷன் ஐடி சொல்லி அழிப்பதுதானே? அதனால் மும்பையில் மார்க்கர்களை எடுத்தது ஹைதராபாத்துக்குத் தெரியவே தெரியாது. அங்கே தனியாகப் பட்டியல் எடுத்து அதே ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். இது தெரியாமல் "ரெஸ்டோர் முடிந்தது" என்று மெயில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ரீஜன் மாற வேண்டிய நாளில்தான் மறுபக்கம் காலி என்று தெரியவரும்.

5 மார்ச், மதியம் 1:30

"நான் எதையும் டிக் செய்யவில்லை, ஆனாலும் என் மார்க்கர்கள் போகின்றன" என்கிறார் ஒருவர்.

பழைய ரூலாக இருக்கும். ரூலில் ஃபில்டர் என்ற பகுதி இல்லாமல் வெறும் ப்ரிஃபிக்ஸ் (ஃபைல் பெயரின் முன்பகுதி) மட்டும் இருந்தால் அது முதல் வடிவம். அதில் ஆட்கள் அழித்ததால் வரும் மார்க்கர்கள் தாமாகப் போகும். புதிய வடிவத்தில் நாம் சொன்னால்தான் போகும். டேக் வைத்துப் பிரிக்கும் ரூலில் சொன்னாலும் போகாது. நாள் கணக்கு வைத்துத் தானாக அழிக்கும் லைஃப்சைக்கிள் ரூல் போடும் மார்க்கர் எந்த நிலையிலும் போகாது. ஆக நான்கு பேர் நான்கு விதமாகச் சத்தியம் செய்தாலும் நான்கு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ரூலின் ஜேசானை (ரூல் எழுதப்பட்டிருக்கும் வடிவம்) இறக்கிப் பாருங்கள், வாக்குவாதம் மிச்சம்.

டெலீட் மார்க்கரையும் அனுப்பு என்று டிக் செய்யலாமா வேண்டாமா? என் சாய்வு: வேண்டாம். மும்பை விழுந்தால் ஹைதராபாத்தை அப்படியே அப்ளிகேஷனுக்கு மாட்டப்போகிறீர்கள் என்றால் டிக் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அழித்த ஃபைலெல்லாம் வாடிக்கையாளர் கண்ணில் படும். பாதுகாப்புக்காக மட்டும் வைத்திருக்கும் பிரதி என்றால் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே பக்கெட் என்பதுதான் பிரச்சினையே.

7 மார்ச், இரவு 9:25

பில் பற்றி. இது வரும் என்று தெரியும்.

எஸ்3 வெர்ஷனிங் வித்தியாசத்தை மட்டும் சேமிப்பதில்லை. ஒவ்வொரு வெர்ஷனும் முழு ஃபைல், முழு வாடகை. 40 ஜிபி டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல்) ஒன்றை தினமும் அதே பெயரில் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். லிஸ்ட்டில் ஒரே ஃபைல்தான் தெரியும். ஒரு வருடம் கழித்து அடியில் கிடப்பது 14,600 ஜிபி. மும்பை ஸ்டாண்டர்ட் விலை ஜிபிக்கு மாதம் 2.5 சென்ட் என்று வைத்தால் மாதம் 365 டாலர். ரெப்ளிகேஷனும் இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு, போக்குவரத்துச் செலவு தனி.

தீர்வு லைஃப்சைக்கிள். நடப்பில் இல்லாத வெர்ஷன்களை இத்தனை நாள் கழித்து அழி, ஆனால் புதியவற்றில் இத்தனையை வைத்துக்கொள் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். அதே டம்ப், பழையது ஏழு மட்டும் என்றால் மொத்தம் 320 ஜிபி, மாதம் 8 டாலர். நாள் கணக்கு நள்ளிரவு யூடிசி-க்கு (உலகப் பொது நேரம்) ரவுண்ட் ஆகும், நமக்கு அது காலை 5:30. "நேற்றே ரூல் போட்டேன், இன்னும் போகவில்லை" என்று சப்போர்ட்டுக்கு டிக்கெட் போடும் முன் ஒரு காபி குடியுங்கள்.

லைஃப்சைக்கிளும் ரெப்ளிகேட் ஆகாது. இரண்டு பக்கெட்டிலும் தனித்தனியாக எழுத வேண்டும். மும்பையைச் சுத்தமாகப் பராமரித்து ஹைதராபாத்தைக் குப்பைமேடாக விட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். எஸ்3-ன் அளவுகளைக் காட்டும் ஸ்டோரேஜ் லென்ஸில் நடப்பில் இல்லாத வெர்ஷன்களின் அளவு தனியாகத் தெரியும், ஒரு முறை பாருங்கள்.

8 மார்ச், காலை 10:00

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "ஏழு நாள் போதும்" என்று ஒருவர் புரிந்துகொண்டிருக்கிறார். டம்ப்புக்கு மட்டும்தான் அது. இன்வாய்ஸுக்குப் போடாதீர்கள்.

எத்தனை நாள் என்பதற்கு நான் பார்க்கும் கணக்கு: தவறு நடந்தால் யாராவது கவனிக்க எவ்வளவு காலம் ஆகும்? டம்ப் கெட்டால் மறுநாளே தெரியும். ஆறு மாதப் பழைய இன்வாய்ஸ் மேல் வேறு எதையோ எழுதிவிட்டால் ஆடிட்டர் கேட்கும் வரை யாருக்கும் தெரியாது. 30 நாள் ரூல் அந்த நல்ல வெர்ஷனை எப்போதோ துடைத்திருக்கும். எழுதியபின் மாறக் கூடாத ஃபைல்களுக்கு பழைய வெர்ஷன்களை வருடக்கணக்கில் வைத்தாலும் செலவு பெரிதாக ஏறாது, ஏனென்றால் பழைய வெர்ஷன் உருவாகவே கூடாத இடம் அது. உருவானால் அதுவே ஒரு செய்தி.

11 மார்ச், இரவு 10:20

ரெப்ளிகேஷன் "ஓடுகிறது" என்று எப்படித் தெரியும்? கேள்வி கேட்டவரிடம் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ரூலைப் போட்ட நாளுக்குப் பின் வந்த ஃபைல்தான் போகும். ஏற்கெனவே இருந்த லட்சக்கணக்கான ஃபைல்கள் போகாது. அவற்றை மொத்தமாக அனுப்ப பேட்ச் ரெப்ளிகேஷன், 2022-ல் வந்தது. பழைய ஃபைல்கள் மறுபக்கம் இருக்கின்றன என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். இன்னொரு பக்கெட்டிலிருந்து ரெப்ளிகேஷன் வழியாக வந்த ஃபைல் மூன்றாவது பக்கெட்டுக்குத் தானாகத் தாவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கேஎம்எஸ், அமேசானின் என்கிரிப்ஷன் சாவிச் சேவை. ஒரு இடத்தில் பக்கெட்டின் டீஃபால்ட் என்கிரிப்ஷனை கேஎம்எஸ் சாவிக்கு மாற்றினார்கள், செக்யூரிட்டி ஆடிட்டில் சொன்னதால். ரெப்ளிகேஷன் ரூலில் கேஎம்எஸ் ஃபைல்களையும் எடு என்று தனியாகச் சொல்லாவிட்டால் அவற்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ஃபெயில் என்றுகூட வராது. வரிசையில் சேர்ந்தால்தானே தோற்க முடியும்! அந்த நாளிலிருந்து ஒன்றும் போகவில்லை, டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. ரூலில் சேர்த்தாலும் போதாது, ரெப்ளிகேஷன் ரோலுக்கு (அந்த வேலைக்குக் கொடுக்கும் அனுமதித் தொகுப்பு) இந்தப் பக்கச் சாவியால் திறக்கவும் அந்தப் பக்கச் சாவியால் பூட்டவும் அனுமதி வேண்டும். அது இல்லையென்றால் வரிசையில் சேர்ந்து ஃபெயில் ஆகும், ஆனவற்றை மறுபடி அனுப்ப பேட்ச் ரெப்ளிகேஷன்தான்.

நான் நம்பும் ஒரே சோதனை: தினமும் ஒரு சின்ன ஃபைலில் அன்றைய தேதியை எழுதி மும்பையில் போடுவது, ஒரு மணி நேரம் கழித்து ஹைதராபாத்தில் படித்துப் பார்ப்பது. வராவிட்டால் ஃபோன் அடிக்க வேண்டும். உண்மையான ஃபைல்கள் போகும் அதே ப்ரிஃபிக்ஸில், அதே என்கிரிப்ஷனோடு போடுங்கள், இல்லையென்றால் சோதனை ஃபைல் மட்டும் அழகாகப் போய்க்கொண்டிருக்கும்.

12 மார்ச், காலை 9:05

"பேக்கப்பும் இதே மாதிரி பொய் சொல்லுமே?" சொல்லும். 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிக்கும் சேவையான கிட்லேப்பில் நடந்தது அதுதான். முதன்மை டேட்டாபேஸ் சர்வரில் தவறுதலாக டைரக்டரியை அழித்துவிட்டு, எஸ்3-ல் இருக்கும் டம்ப்பை எடுக்கலாம் என்று போனால் பக்கெட்டில் ஒன்றும் இல்லை. டம்ப் எடுக்கும் கருவியான பிஜிடம்ப்பின் வெர்ஷன் பொருந்தாமல் தினமும் தோற்றிருக்கிறது, தோற்றதைச் சொல்லும் மெயில்களும் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களே முழுக்க எழுதி வெளியிட்டார்கள். அதற்காகவே அவர்கள் மேல் மரியாதை.

16 மார்ச், மாலை 5:45

ஞாயிற்றுக்கிழமை, நேரம் இருக்கிறது. சொல்கிறேன் என்ற அக்கவுண்ட் விஷயம்.

2014 ஜூனில் கோட் ஸ்பேஸஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கன்சோலுக்குள் ஒருவன் நுழைந்தான், பணம் கேட்டான். இவர்கள் திரும்பக் கைப்பற்ற முயன்றதும் சர்வர், ஸ்னாப்ஷாட், எஸ்3 பக்கெட் என்று அழித்தான். பேக்கப் இருந்தது, ஆனால் அதே சாவிக்கொத்தின் எல்லைக்குள். நிறுவனம் அதோடு முடிந்தது.

உங்கள் மும்பை பக்கெட்டும் ஹைதராபாத் பக்கெட்டும் ஒரே அக்கவுண்டிலா? அப்படியானால் அட்மின் சாவி ஒன்று போதும். பக்கெட்டைக் காலி செய்யும் பட்டன் மார்க்கர் போடாது, எல்லா வெர்ஷனையும் துடைக்கும். பத்திரமாக "நிரந்தரமாக அழி" என்று ஆங்கிலத்தில் டைப் செய்யச் சொல்லும். திருடனுக்கும் டைப் செய்யத் தெரியும்.

2025 ஜனவரியில் ஹால்சியன் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கோட்ஃபிங்கர் விவகாரம் இன்னும் நுணுக்கம். திருடிய சாவியை வைத்து எஸ்3 ஃபைல்களை எடுத்து, தன் கையில் மட்டும் இருக்கும் சாவியால் என்கிரிப்ட் செய்து அதே இடத்தில் திரும்ப எழுதுவது. பிறகு லைஃப்சைக்கிளில் ஏழு நாளில் அழி என்று வைப்பது. பக்கெட்டில் உள்ள வசதிகளே ஆயுதம். வெர்ஷனிங் இருந்தால் பழைய வெர்ஷன் அடியில் இருக்கும்தான், ஆனால் லைஃப்சைக்கிளைத் தொட அனுமதி உள்ளவன் அதையும் காலாவதியாக்கலாம். லைஃப்சைக்கிள் ரெப்ளிகேட் ஆகாது என்று மேலே ஒரு குறையாகச் சொன்னேன். இங்கே அதுவே நன்மை: மறுபக்கம் வேறு அக்கவுண்டில் இருந்தால் பழைய வெர்ஷன்கள் அங்கே அப்படியே இருக்கும்.

அதனால் நான் கேட்பது இவை. பிரதி வேறு அக்கவுண்டில், வேறு ஆள் கையில். அப்ளிகேஷனுக்கு சாதாரண அழிப்பு அனுமதி மட்டும், வெர்ஷனை அழிக்கும் அனுமதி தனி, அது யாருக்கும் அன்றாடம் தேவையில்லை. லைஃப்சைக்கிளையும் வெர்ஷனிங்கையும் மாற்றும் அனுமதியும் அப்படியே. வெர்ஷனிங்கை ஒருமுறை போட்டால் எடுக்க முடியாது என்பது உண்மை, ஆனால் நிறுத்திவைக்க முடியும். அதன்பின் எழுதியதன் மேல் மறுபடி எழுதினால் முந்தையது போய்விடும்.

16 மார்ச், இரவு 8:10

எம்எஃப்ஏ டெலீட் (வெர்ஷனை அழிக்க இரண்டாவது சரிபார்ப்பும் கேட்கும் வசதி) பற்றி நினைவூட்டியவருக்கு: ரூட் பயனர், அதாவது அக்கவுண்டின் மூல உரிமையாளர் மட்டும்தான் போட முடியும், அதுவும் கன்சோலில் முடியாது. போட்டால் லைஃப்சைக்கிள் வைக்க முடியாது. பாதுகாப்பா பில்லா என்று கேட்கிறது. நான் பில்லைத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் லாக் (குறித்த காலம் வரை வெர்ஷனை அழிக்க விடாத பூட்டு) பக்கம் போனேன்.

ஆப்ஜெக்ட் லாக்கில் கவர்னன்ஸ் முறையில் தனி அனுமதி உள்ளவர் பூட்டை மீறலாம். காம்ப்ளையன்ஸ் முறையில் காலம் முடியும் வரை ரூட்டாலும் முடியாது. சும்மா போட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு டெராபைட்டுக்கு 10 வருடம் வைத்துவிடாதீர்கள். அக்கவுண்டையே மூடினால்தான் விடுதலை.

19 மார்ச், காலை 8:40

"ஏன் ஹைதராபாத், சிங்கப்பூர் போகலாமே?" பேமென்ட் தரவு என்றால் போக முடியாது. 2018 ஏப்ரல் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி அதை இந்தியாவுக்குள் மட்டும்தான் வைக்க வேண்டும். அப்போது அமேசானுக்கு இங்கே மும்பை மட்டும்தான், ஹைதராபாத் 2022 நவம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இரண்டாவது ரீஜன் வேண்டும் என்று கேட்ட ஆடிட்டர்களுக்குப் பதில் சொன்னவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. புனே, சென்னை, மும்பை மூன்றும் 2015 முதல். புனேவுக்குச் சென்னைதான் ஜோடி. ஜிஆர்எஸ் (ஜோடி ரீஜனிலும் பிரதி வைக்கும் வகை) என்று தேர்ந்தெடுத்தால் புனேவில் எழுதுவது சென்னைக்குத் தானாகப் போகும், அழிப்பதும் போகும். ப்ளாப் (அங்கே ஃபைலுக்கு அதுதான் பெயர்) வெர்ஷனிங்கோ, அழித்ததைச் சில நாள் வைத்திருக்கும் சாஃப்ட் டெலீட்டோ தனியாகப் போட்டால்தான் மீட்சி. ஆப்ஜெக்ட் ரெப்ளிகேஷன் என்று வேறொன்றும் உண்டு. அதற்கு இரண்டு பக்கமும் வெர்ஷனிங்கும், மூலத்தில் சேஞ்ச் ஃபீடும் (மாற்றங்களின் பதிவு) வேண்டும்.

24 மார்ச், இரவு 9:50

"எல்லாம் திருடன் கதையாக இருக்கிறது, எங்கள் கம்பெனியை யார் தேடி வருவார்" என்பவருக்கு யூனிசூப்பர். ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதி, ஆறு லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் அவர்களுடைய பிரைவேட் கிளவுடே அழிந்தது. கூகுள் பக்கம் ஒரு கருவியில் ஒரு பராமீட்டரைக் காலியாக விட்டதால் அதற்கு ஒரு வருடக் கெடு தானாக விழுந்திருக்கிறது. இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள், இரண்டும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. உள்ளே யாரும் திருட வரவில்லை, யாரும் தவறான பட்டனை அழுத்தவும் இல்லை.

உங்கள் மேனேஜருக்கு அனுப்ப ஒரே ஒரு கதை வேண்டும் என்றால் இதை அனுப்புங்கள்.

2 ஏப்ரல், காலை 7:30

கூகுள் ஸ்டோரேஜில் டெலீட் மார்க்கர் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு: அங்கே கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஜெனரேஷன் எண் உண்டு. வெர்ஷனிங் இருக்கும்போது அழித்தால் அந்த ஜெனரேஷன் நடப்பில் இல்லாததாக மாறும், அவ்வளவே. மீட்க அதை அதே பெயருக்குக் காப்பி செய்ய வேண்டும். 2024 முதல் புதிய பக்கெட்டுகளில் சாஃப்ட் டெலீட் ஏழு நாளுக்கு இயல்பாகவே இருக்கிறது. நிறைய எழுதி நிறைய அழிக்கும் தற்காலிக ஃபைல் பக்கெட் என்றால் அதை அணைத்துவிடுங்கள், அந்த ஏழு நாளுக்கும் வாடகை உண்டு.